வெந்தயம் வாங்காத வீடு

கோமதித்தாய் சுடுகிற தோசை மெத்தென்று வராது. கல்லிலிருந்து எடுத்தால் அப்பளம் மாதிரி நிற்கும். மாவுக்கு வெந்தயம் போட மாட்டாள், அதனால்தான். வெந்தயம் மட்டுமில்லை, கருப்பட்டியும் அந்த வீட்டுக்குள் வந்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. தறிக்கூடத்துக்குப் போகிற வழியில் கருப்பட்டிக் காப்பி போடுகிற கடை ஒன்று உண்டு. அந்த இடம் வந்ததும் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விடுவாள். பார்க்கிறவர்கள் சாக்கடை நாற்றம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

எனக்கு அவள் தங்கை முறை. அவள் அம்மையும் என் அம்மையும் ஒன்றுவிட்ட அக்கா தங்கச்சி. உறவைச் சொன்னால்தான் மற்றது விளங்கும் என்பதால் சொல்கிறேன். கோமதித்தாயைக் கட்டியவன் அவளுடைய சொந்தத் தாய்மாமன் மகன், சிவகிரி ஆறுமுகச்சாமி. எங்கள் கூட்டத்தில் அப்படித்தான். அசலில் பெண் எடுத்தால், "ஏன், சொந்தத்துல புள்ள இல்லாமப் போச்சா?" என்று கேட்பார்கள்.

முதல் பிள்ளை ஆண். பிறந்தபோது ஒரு குறையும் இல்லை. மூன்றாம் நாள் பிள்ளையின் ஈரத் துணியை எடுத்தவள் மாமியார்தான். முகர்ந்து பார்த்துச் சிரித்தாள். வெந்தயத்தை வறுத்துக் கருப்பட்டிப் பாகில் கொட்டினால் ஒரு வாசம் எழுமே, அந்த வாசம். பிள்ளை பெற்றவளுக்கு உடம்பு தேற எங்கள் பக்கத்தில் வெந்தயக் களி கிண்டிக் கொடுப்பார்கள். கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சொட்டச் சொட்டக் கொடுப்பார்கள். "தாய் தின்ன களி புள்ள மேல மணக்கு பாரு" என்று மாமியார் தெருவெல்லாம் சொன்னாள். வந்தவர்கள் துணியை வாங்கி முகர்ந்து பார்த்தார்கள். நானும் பார்த்தேன். நல்ல வாசமாகத்தான் இருந்தது.

ஐந்தாம் நாள் பிள்ளை பால் குடிக்க மறந்தது. ஏழாம் நாள் கால்களைச் சைக்கிள் மிதிக்கிற மாதிரி மிதித்தது, முதுகை வில்லாக வளைத்தது. ஒன்பதாம் நாள் இல்லை.

இரண்டு வருஷம் கழித்துப் பெண் பிள்ளை. இந்தத் தடவை கோமதித்தாய்க்குக் களியைக் கண்டாலே குமட்டியது. ஒரு வாய்கூட எடுக்கவில்லை. ஆனாலும் மூன்றாம் நாள் துணியில் அதே வாசம்.

"நான் களி திங்கவே இல்லையே அத்தை, பெறகு எப்படி மணக்கு?" என்று மாமியாரிடம் கேட்டாள்.

"போன புள்ளைக்குத் தின்னது உடம்புல கெடக்கும்ட்டி" என்றாள் மாமியார்.

அந்தப் பிள்ளை பதினோராம் நாள் போனது. அதன் பிறகு வாசத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அவள் வயிற்றைப் பற்றித்தான் பேசினார்கள். ஆறுமுகச்சாமி ஒரு வருஷம் பார்த்தான். பிறகு வாசுதேவநல்லூர்ப் பக்கம் அசலில் ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவளுக்கு மூன்று பிள்ளைகள், மூன்றும் கல்லுக்குண்டு. அதோடு தீர்ப்பு எழுதியாகிவிட்டது. குறை முழுக்கக் கோமதித்தாயுடையது.

சங்கரன்கோவிலுக்கே திரும்பி வந்தாள். அப்பன் சாவதற்கு முன்னால் வீட்டைப் பிரித்து, ஒரு அறையும் பின்கட்டில் ஒரு துண்டும் அவளுக்கு, மீதி அவள் தம்பி இசக்கித்துரைக்கு என்று எழுதி வைத்தார். தம்பி நடுவில் ஒரு சுவர் எழுப்பினான். பின்கட்டில் அந்தச் சுவர் கழுத்து உயரம்தான். செங்கல் அதற்குமேல் வாங்கவில்லை.

அவள் தறிக்கூடத்தில் தார் சுற்றுகிறாள். தறியில் குறுக்கே ஓடுகிற ஊடை நூலைக் குச்சி குச்சியாகச் சுற்றிக் கொடுக்கிற வேலை. சத்தத்தில் அங்கே யாரும் யாரோடும் பேச முடியாது. வீட்டுக்கு வந்தால் பேச ஆளில்லை. ஒருமுறை நான் போனபோது என்னிடம் சொன்னாள்: "மூணு நாளா வாயே திறக்கலக்கா. நேத்து அரிசிக் கடைக்காரன் என்ன வேணும்னு கேக்கான், எனக்குத் தொண்டையில சத்தம் வரல. ஊமைன்னு நெனச்சுக் கையக் காட்டுதான்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆடித் தபசுக்கு ஊரே கூடும். அவள் கூட்டம் கலைந்த பிறகு கோவிலுக்குப் போய், நோய் தீரப் பூசுகிற புற்றுமண் கொஞ்சம் எடுத்துக்கொண்டு வருவாள். யாருக்குப் பூசப் போகிறாள் என்று நான் கேட்டதில்லை.

இசக்கித்துரைக்கு ஒரே மகள், இசக்கிச்செல்வி. அவளை யாருக்குக் கொடுத்தார்கள் தெரியுமா? ஆறுமுகச்சாமியின் தம்பி மகன் துரைப்பாண்டிக்கு. லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், தங்கமான பையன். பெண்ணுக்குக் கோமதித்தாய் அத்தை, மாப்பிள்ளைக்குப் பெரியம்மை. இரண்டு பக்கமும் அவள்தான் உறவு. ஆனால் கல்யாணத்துக்குப் பந்தி முடிகிற நேரத்தில் வரச் சொன்னார்கள். வளைகாப்புக்கு அதுவும் சொல்லவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் நின்று வளையல் சத்தத்தைக் கேட்டாள்.

போன வருஷம் ஆவணியில் இசக்கிச்செல்விக்குப் பெண் பிள்ளை பிறந்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து அம்மை வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். கோமதித்தாய்க்கு யாரும் சொல்லவில்லை. ஆட்டோ நிற்கிற சத்தம், ஆரத்தித் தண்ணீர் கொட்டுகிற சத்தம், பிறகு பிள்ளை அழுகிற சத்தம், எல்லாம் சுவர்தான் சொன்னது. அன்று இரண்டு குச்சி நூல் குறைவாகச் சுற்றினாள் என்று முதலாளி திட்டினார்.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் கரண்ட் போனது. தெருவில் ஞாயிறன்றும் ஓடுகிற வீட்டுத் தறியெல்லாம் ஒரே நேரத்தில் நின்றால் காதுக்குள் ஒரு குழி விழுந்த மாதிரி இருக்கும். அந்த அமைதியில் பிள்ளை அழுதது அவளுக்குக் கேட்டது. அழுகை என்றால் அழுகை இல்லை. மெல்லிசாக, உச்சியில், பூனைக்குட்டி கத்துகிற மாதிரி. அந்தச் சத்தத்தை அவள் இரண்டு தடவை கேட்டிருக்கிறாள்.

பின்கட்டுக்கு ஓடினாள். தம்பி பெண்டாட்டி யோகலட்சுமி பிள்ளைத் துணியைச் சும்மா தண்ணீரில் முக்கிச் சுவர் மேல் காயப் போட்டிருந்தாள். கோமதித்தாய் கை நீட்டி ஒரு துணியை எடுத்தாள். முகத்துக்குக் கொண்டுபோகக்கூட வேண்டியிருக்கவில்லை.

இருபத்தெட்டு வருஷமாகத் தன் வீட்டுக்குள் வராமல் காத்து வைத்திருந்த வாசம் அவள் கையில் இருந்தது.

துணியோடு தெருவைச் சுற்றித் தம்பி வீட்டு முன்வாசலுக்கு வந்தாள். அந்த வாசற்படியை அவள் மிதித்து எத்தனையோ வருஷம். யோகலட்சுமி கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"மதினி, தப்பா நெனைக்காதீங்க. புள்ளைக்குப் பதினாறு நாள் கழியட்டும். நானே வந்து கூப்புடுதேன்."

"பதினாறு கழியாதுட்டி" என்றாள் கோமதித்தாய்.

யோகலட்சுமியின் முகம் சுருங்கிவிட்டது. "நல்ல வாயால பேசுங்க மதினி! பச்சைப் புள்ள இருக்க வீட்டு வாசல்ல வந்து நின்னு என்ன பேச்சு பேசுதீங்க?"

"புள்ள பால் குடிக்கா?"

"தூங்குது. சமத்துப் புள்ள, எழுப்பினாலும் எந்திரிக்காது."

"துணி மணக்கே, பாத்தியா?"

"மணக்கத்தான் செய்யும். மூணு நாளா நான் கையொடியக் களி கிண்டுதேன். வெந்தயம் தின்னா வெந்தயம் மணக்காம மல்லியப்பூவா மணக்கும்?"

உள்ளேயிருந்து இசக்கித்துரை வந்தான். "எக்கா, ஏன் இப்படி வந்து… போக்கா, பெறகு பேசிக்கிடுவோம்" என்றான். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் நிலைப்படியைப் பார்த்துச் சொன்னான்.

கோமதித்தாய் அவர்களோடு வாதாடவில்லை. யோகலட்சுமியின் தோளுக்கு மேலே தலையைத் தூக்கி, உள் அறைக்குக் கேட்கிற மாதிரிக் கத்தினாள். அரிசிக் கடையில் சத்தம் வராத அதே தொண்டை.

"ஏட்டி செல்வி! நீ களி தின்னியா?"

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது.

"அத்தை கேக்கேன்ல! சொல்லுட்டி! களி தின்னியா, இல்லையா?"

உள்ளேயிருந்து இசக்கிச்செல்வியின் குரல் வந்தது. "அம்மை அடிப்பா அத்தை."

"நான் பாத்துக்கிடுதேன். சொல்லு."

"திங்கல. எனக்கு அந்தக் கசப்பு ஆகாது. அம்மை அங்கிட்டுப் போனதும் சன்னல் வழியா நாய்க்குப் போட்டுட்டேன்."

"மூணு நாளுமா?" என்று யோகலட்சுமி திரும்பினாள். "அடி பாவி, நல்லெண்ணெய் மட்டும் ஒரு செம்பு ஊத்துனேனே! அந்தச் செவலை நாய் மினுமினுன்னு திரியும்போதே நெனச்சேன்!"

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு விளங்கியது. களி தின்றது நாய். மணப்பது பிள்ளை. அவள் கை கதவிலிருந்து தானாக இறங்கியது.

"தோசை மாவுல கெடக்க வெந்தயமா இருக்குமோ மதினி?" என்று கேட்டாள். இப்போது குரல் வேறாக இருந்தது.

"நீயும் அந்தத் தோசையத்தானட்டி திங்க. ஒன் துணி மணக்கா?" என்றாள் கோமதித்தாய். "எம் ரெண்டு புள்ளையும் இப்படித்தான் மணந்துச்சு. இப்படித்தான் தூங்குச்சு. இன்னும் ரெண்டு நாள்ல காலை மிதிக்கும். அதுக்குள்ள கெளம்புங்க."

பிள்ளையைப் பார்க்க வந்திருந்த துரைப்பாண்டி லோடு ஆட்டோவையே எடுத்தான். பின்னால் பாய் விரித்து இசக்கிச்செல்வியும் யோகலட்சுமியும் பிள்ளையோடு ஏறினார்கள். கோமதித்தாயை யாரும் ஏறு என்று சொல்லவில்லை. அவள் துணியைக் கையில் பிடித்தபடி தெருவில் நின்றாள். வண்டி நகர்ந்து, முக்கில் திரும்பப் போகும்போது நின்றது. துரைப்பாண்டி தலையை வெளியே நீட்டினான்.

"பெரியம்மை, நீங்க வரலன்னா அங்கன யாரு சொல்லுவா? எங்களுக்கு என்ன தெரியும்? ஏறுங்க."

திருநெல்வேலியில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரி. வாசலில் இருந்தவர்கள் பிள்ளைக்கு என்ன என்று கேட்டபோது, "மணக்கு" என்றாள் கோமதித்தாய். ஒருவர் சிரித்துவிட்டார். ஆனால் உள்ளே இருந்த டாக்டரம்மா சிரிக்கவில்லை. அனிட்டா என்று பேர், நாற்பது வயது இருக்கும், பாளையங்கோட்டைப் பேச்சு. துணியை வாங்கி இரண்டு தடவை முகர்ந்தார். பிள்ளையின் காதுக்குள் பஞ்சை விட்டு எடுத்து அதையும் முகர்ந்தார்.

"தாய் வெந்தயம் சாப்பிட்டாங்களா?"

"நாய் சாப்பிட்டுச்சு" என்றாள் கோமதித்தாய்.

பிள்ளையின் மூத்திரத்தை ஒரு குழாயில் எடுத்து ஏதோ மருந்தைச் சொட்டினார்கள். மோர் திரிகிற மாதிரி மஞ்சளாகத் திரிந்தது. குதிகாலில் ஊசி குத்தி, ஒரு அட்டையில் நாலு சொட்டு ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். அந்த முடிவு வருவதற்கு முன்னாலேயே டாக்டரம்மா பாலை நிறுத்தச் சொல்லிவிட்டு, சர்க்கரைத் தண்ணீரைக் குழாய் வழியாக ஏற்ற ஆரம்பித்தார்.

தாய்ப்பாலை நிறுத்து என்றதும் யோகலட்சுமிக்கு அழுகை வந்துவிட்டது. டாக்டரம்மா எல்லாரையும் உட்கார வைத்துச் சொன்னார். பாலிலும் பருப்பிலும் முட்டையிலும் புரதம் இருக்கிறது. வயிற்றுக்குள் போனதும் உடம்பு அதைச் சின்னச் சின்னத் துண்டாக உடைக்கும். அந்தத் துண்டுக்கு அமினோ அமிலம் என்று பேர். இருபது வகை. அதில் ஒன்று லியூசின். உடம்பு அதைத் தானாகச் செய்துகொள்ளாது, சாப்பாட்டிலிருந்துதான் வரவேண்டும். அது இல்லாமல் சதை வளராது, பிள்ளை வளராது. வேண்டிய அளவு எடுத்துக்கொண்டு, மிச்சத்தை உடம்பு பிரித்து எரித்துவிடும். இந்தப் பிள்ளைக்கு அந்த மிச்சத்தைப் பிரிக்கிற வேலை நடக்கவில்லை. அதன் கூட்டாளிகள் இன்னும் இரண்டு, அவையும் அப்படியே. எல்லாம் ரத்தத்தில் தேங்கி மூளைக்கு ஏறுகிறது. தேங்குவதுதான் மணக்கிறது.

மற்றவர்கள் முழித்தார்கள். கோமதித்தாய் கேட்டாள்.

"தறியில ஊடை இல்லன்னா துணி இல்ல. ஆனா ஓடி முடிஞ்ச கழிவு நூலையும் பஞ்சையும் அள்ளிப் போடணும். அள்ளாம விட்டா அதுவே சிக்கித் தறி நின்னுரும். அப்படியாம்மா?"

டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பினார். "அப்படித்தாம்மா" என்றார். "நீங்க யாரு, பாட்டியா?"

"நான் யாருமில்ல. பக்கத்து வீடு" என்றாள் கோமதித்தாய்.

"அத்தை" என்று இசக்கிச்செல்வி சொன்னாள். "பெரியம்மை" என்று துரைப்பாண்டி சொன்னான். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தது.

டாக்டரம்மா ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். யார் யாரைக் கட்டினார்கள், யாருக்கு எத்தனை பிள்ளை, எது தங்கவில்லை என்று கேட்டுக் கேட்டுக் கோடு இழுத்தார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். மேல் தலைமுறைக்குப் போனபோது கோமதித்தாய்க்குத் தெரியவில்லை. எனக்குப் போன் போட்டுக் கேட்டாள். என் அம்மையின் சித்தி வீட்டில் பத்து நாளில் போன ஒரு பிள்ளை இருந்தது, சொன்னேன். பிறகு கோமதித்தாயின் பிள்ளைகள் முறை வந்தது. ஒரு கட்டம், ஒரு வட்டம் போட்டு உள்ளே கறுப்பாக நிரப்பினார்.

"பேரு வச்சிருந்தீங்களா?"

பதினாறு கழியாத பிள்ளைக்கு எங்கள் பக்கத்தில் பேர் வைப்பதில்லை. யோகலட்சுமி இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் கோமதித்தாய் சொன்னாள்.

"மூத்தவன் சங்கரலிங்கம். எளையவ ஆவுடையம்மாள்."

இருபத்தெட்டு வருஷத்தில் அந்தப் பேர்களை யாரும் கேட்டதில்லை. எனக்கே தெரியாது. டாக்டரம்மா கட்டத்துக்குக் கீழேயும் வட்டத்துக்குக் கீழேயும் எழுதினார். எழுதிக்கொண்டே சொன்னார்.

"இது ஒருத்தர்கிட்ட இருந்து மட்டும் வராதும்மா. தாய்கிட்ட பாதி, தகப்பன்கிட்ட பாதி. ரெண்டு பாதியும் சேந்தாத்தான் புள்ளைக்கு வரும். சொந்தத்துக்குள்ளயே கட்டும்போது சேந்துருது. அசல்ல கட்டினா அந்த இன்னொரு பாதி அநேகமா இருக்காது."

"பாதியா?" என்றாள் கோமதித்தாய்.

"பாதிதான்."

அவள் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டாள். யாரும் பின்னால் போகவில்லை. வெகுநேரம் அங்கே நின்றிருக்கிறாள். என்ன நினைத்தாய் என்று பிறகு கேட்டேன். "ஒண்ணும் நெனக்கலக்கா. காலு வலிக்குன்னு தெரிஞ்சுது. அம்புட்டு நேரமா நின்னுருக்கேன்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த நாலாம் நாள் சென்னையிலிருந்து முடிவு வந்தது. டாக்டரம்மா சொன்னதுதான். ஆறாம் நாள் பிள்ளை கண்ணைத் திறந்து அழுதது. பூனைக்குட்டி அழுகை இல்லை, வீட்டை இரண்டாக்குகிற அழுகை. லியூசினும் அதன் கூட்டாளிகளும் இல்லாத ஒரு பால் பவுடர் வெளியூரிலிருந்து வரவழைத்தார்கள். அதோடு தாய்ப்பாலை அளந்து, கொஞ்சமாக. அறவே நிறுத்தவும் கூடாது, பிள்ளை வளர வேண்டுமே. இந்த அளவு ஆயுசுக்கும் உண்டு. பருப்பு, முட்டை, கறி எதையும் இஷ்டத்துக்குத் தின்ன முடியாது. காய்ச்சல் வந்தால் உடம்பு தன் சதையையே உடைக்கும், அப்போது ரத்தத்தில் ஏறிவிடும். வாசம் வந்தால் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் ஓடி வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுதினால் பொய். யோகலட்சுமி இப்போது மதினியை வாசலில் மறிப்பதில்லை, ஆனால் உள்ளே கூப்பிடுவதும் இல்லை. "அந்தப் பக்கத்து வம்சத்துலேருந்துதான் வந்துருக்கு" என்று தெருவில் சொல்கிறாள். அந்தப் பக்கம்தான் அவள் புருஷன் பக்கமும் என்பது அவளுக்கு நினைவில்லை. பிள்ளைக்கு மொட்டை போட்டபோது கோமதித்தாய்க்கு இலை போட்டார்கள், கடைசிப் பந்தியில்.

மார்கழியில் ஒரு நாள் அவள் சிவகிரி பஸ்ஸில் ஏறினாள். ஆறுமுகச்சாமியிடம் பாதி என்கிற அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட வேண்டும் என்று. இறங்கிப் பார்த்தால் பஸ் நிலையத்து டீக்கடையிலேயே அவன் உட்கார்ந்திருக்கிறான். பல் எல்லாம் போய், வடையை டீயில் முக்கிச் சாப்பிட்டுக்கொண்டு. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டாள். "சொல்லலாம்னுதான் போனேன்க்கா. அவன் என்னைய பாத்தான். யாருன்னு தெரியல அவனுக்கு" என்றாள்.

ஆனால் தினமும் காலையில் ஒன்று நடக்கிறது. இசக்கிச்செல்வி புருஷன் வீட்டுக்குப் போகாமல் அம்மை வீட்டிலேயே இருக்கிறாள். துரைப்பாண்டியும் அங்கேயே வந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் சொன்னபடி அவளும் முகர்ந்து பார்க்கிறாள். ஆனால் அவளுக்குத் தன் மூக்கின் மேல் நம்பிக்கை இல்லை. அதனால் விடிந்ததும் பிள்ளையின் ராத்துணியை அலசாமல் அந்தக் கழுத்து உயரச் சுவர் மேல் வைக்கிறாள். கோமதித்தாய் எடுத்து முகர்கிறாள்.

"இல்லட்டி."

"சரி அத்தை."

அவ்வளவுதான் பேச்சு. சில நாள் அதுதான் அவளுக்கு நாள் முழுக்கப் பேச்சு.

பங்குனியில் ஒரு நாள் துணியில் லேசாக இருந்தது. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. "கெளம்பு" என்றாள். பிள்ளைக்கு உடம்பு சுடக்கூட ஆரம்பிக்கவில்லை. பாதி வழியில்தான் காய்ச்சல் அடித்ததாம். ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். ஐந்து நாளும் சுவர் வெறுமனே இருந்தது. ஐந்து நாளும் அவள் விடிந்ததும் போய் அதன் முன்னால் நின்றிருக்கிறாள்.

ஆறாம் நாள் துணி இருந்தது. நான் அன்று அங்கேதான் இருந்தேன். எடுத்து முகர்ந்தாள். அவள் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது, ஒன்றும் இல்லை, வெறும் பிள்ளை மூத்திரம்தான். "இல்லட்டி" என்றாள். அந்தப் பக்கம் "சரி அத்தை" என்று சொல்லிவிட்டு இசக்கிச்செல்வி உள்ளே போய்விட்டாள். கோமதித்தாய் துணியைத் திரும்பச் சுவர் மேல் வைக்கவில்லை. மடித்து முகத்தோடு வைத்துக்கொண்டு, தறிக்கூடத்துச் சங்கு ஊதுகிற வரைக்கும் அங்கேயே நின்றாள்.